பாய் நடந்த அத்தியாயம்

நடந்தால்தான் அவருக்கு வாக்கியம் வரும். நாற்காலியில் உட்கார்ந்தால் 'அன்புள்ள ஆசிரியருக்கு' என்பதைத் தாண்ட மாட்டார். இது தெரியாமல், அவர் சொல்வதை எழுதிக்கொடுக்கும் வேலைக்குப் போன முதல் நாள் நான் பென்சில்களைச் சீவி வரிசையாக வைத்துக்கொண்டு, திருச்சி கண்டோன்மென்டில் அவர் குடியிருந்த ஓட்டு வீட்டின் முன்னறையில் காத்திருந்தேன். அந்த வெள்ளைக்காரர் குடையும் தொப்பியுமாக உள்ளேயிருந்து வந்தார்.

"வாங்க, போகலாம்" என்றார்.

"எங்கே சார்?"

"முதல் அத்தியாயத்துக்கு."

அன்று காவிரிப் பாலம் வரை நடந்தோம். அவர் இங்கிலீஷில் சொல்லிக்கொண்டே முன்னால் போக, நான் பின்னால் நடந்தபடி சுருக்கெழுத்தில் எடுத்தேன். ரயில்வே ஆபீஸில் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து எழுதிப் பழகிய கை அது. பாலத்துக் காற்றில் தாள் பறந்தது, கோடுகள் கோணின. ஒழுங்கில்லாமல் ஒரு காரியம் செய்ய எனக்கு முடியாது. மறுநாளே ஓர் அட்டைப் பலகையில் துளையிட்டு, கயிறு கோத்து, கழுத்தில் மாட்டிக்கொண்டேன். எழுத வசதியாகிவிட்டது. ஆனால் பாலத்தில் எதிரே வந்தவர்கள் எல்லாம், "சாமி, சுண்டல் பொட்டலம் எவ்வளவு?" என்று கேட்கத் தொடங்கினார்கள். அவருக்கு அதில் பரம சந்தோஷம். "இன்னிக்கு சுண்டல் நல்லா இருக்குங்க, வாங்கிக்கங்க" என்று அவரே சிபாரிசும் செய்வார்.

அவருடைய தமிழைப் பற்றிச் சொல்ல வேண்டும். எழுதச் சொல்வது மட்டும் இங்கிலீஷில். பேச்செல்லாம் தமிழில்தான் என்பது அவர் வைத்திருந்த சட்டம். கடைக்காரர்களிடமும் பஸ் கண்டக்டர்களிடமும் கேட்டுக் கேட்டுக் கற்ற தமிழ். யாரும் அவரை 'நீ' என்று கூப்பிட்டதில்லை. ஆகவே அப்படி ஒரு சொல் இருப்பதே அவருக்குத் தெரியாது. வீட்டு வாசலில் படுத்திருக்கும் செவலை நாயை, "எழுந்திருங்க, சாப்பிட்டீங்களா?" என்பார். காக்கையைக்கூட "போயிட்டு வாங்க" என்றுதான் விரட்டுவார்.

அவர் லண்டனில் பெரிய பத்திரிகை ஒன்றில் இருந்தவர். அரச குடும்பத்துக் கல்யாணம் ஒன்றைப் பற்றி எழுத அனுப்பினார்களாம். இவர் ஊர்வலத்தில் சாரட்டு இழுத்த குதிரைகளில் ஒன்றை மட்டும் பற்றி எழுதிக் கொடுத்தார். அதற்குக் காலில் லாடம் சரியில்லை என்பதுதான் செய்தி. மணப்பெண்ணின் பெயரே அதில் இல்லை. சண்டை முனைக்கு அனுப்பியபோது, சிப்பாய்கள் துணி துவைத்து எங்கே காயப்போடுகிறார்கள் என்று எழுதினார். வாசகர்கள் விரும்பிப் படித்தார்கள். ஆசிரியர்கள் மாற்றி மாற்றி அவரை வேலையிலிருந்து நீக்கினார்கள். கடைசியாக ஒரு வாரப் பத்திரிகை, காவிரி வெள்ளத்தைப் பார்த்து எழுதச் சொல்லித் திருச்சிக்கு அனுப்பியது. இவர் வந்து சேர்ந்தபோது வெள்ளம் வடிந்துவிட்டது. அடுத்த வெள்ளம் வரட்டும் என்று ஒரு வீடு எடுத்துத் தங்கினார். அதன்பிறகு பல வெள்ளங்கள் வந்து போய்விட்டன. ஒன்றில் தொட்டியத்துப் பக்கமிருந்து வாழை மரங்கள் குலையோடு மிதந்து வந்ததைப் பற்றி எழுதினார். தண்ணீரின் அளவைக் குறிப்பிட மறந்துவிட்டார்.

ஏன் திரும்பிப் போகவில்லை என்று யார் கேட்டாலும், "வெள்ளத்துக்குக் காத்திருக்கேங்க" என்பார். கேட்டவர்கள் சிரித்துவிட்டுப் போவார்கள்.

ஐம்பதுகளின் பிற்பகுதியில் அந்த வாரப் பத்திரிகை நின்றுபோயிற்று. பிறகு அவரிடம் மிஞ்சியது ஒரு புத்தகம்தான். தன் வாழ்க்கையைத் தானே எழுதும் புத்தகம். லண்டன் பதிப்பாளர் ஒருவர், இது பிடித்திருந்தால் அடுத்தடுத்தும் எழுதலாம் என்றிருந்தார். ஆனால் வருஷம் முடிவதற்குள் முழுதும் கைக்கு வர வேண்டும். கடைசி அத்தியாயத்தில், அந்த ஊரில் ஏன் தங்கினீர்கள் என்று வேடிக்கை இல்லாமல் சொல்ல வேண்டும். இது நிபந்தனை. இன்னொரு பக்கம், இங்கிலாந்தில் இருந்த அவருடைய தங்கை அவருக்காக ஓர் அறையைத் தயார் செய்துவிட்டாள். புத்தகம் நடக்கவில்லையென்றால் அங்கே வந்துவிடுவதாக இவரும் அவளுக்கு வாக்குக் கொடுத்திருந்தார்.

"உங்க தங்கை கோபக்காரங்களா சார்?" என்று கேட்டேன்.

"இல்லைங்க. ரொம்ப நல்லவங்க. அதான் பயமா இருக்கு. ராத்திரி எட்டு மணிக்குப் பால் குடுத்து விளக்கை அணைச்சிடுவாங்க."

புத்தகம் நன்றாகவே போயிற்று. கடைசி அத்தியாயத்துக்கு முன் அத்தியாயம் வரை பாலத்திலும், மலைக்கோட்டைத் தெப்பக்குளத்தைச் சுற்றியும், ஸ்ரீரங்கத்தில் எங்கள் உத்தர வீதியிலும் நடந்தே முடித்தோம். அவரிடம் ஒரு பழக்கம் உண்டு. வாக்கியம் நன்றாக வந்துவிட்டால் திரும்பி, என் முகத்தைப் பார்த்துக்கொண்டு பின்னோக்கி நடப்பார். ஒரு ஞாயிற்றுக்கிழமை, கடைசி அத்தியாயத்துக்கு நல்ல காற்று வேண்டும் என்று முக்கொம்பு அணைக்கரைக்குப் போனோம். முதல் வாக்கியம் பிரமாதமாக வந்தது. அவர் திரும்பினார், பின்னோக்கி நடந்தார், பாசி பிடித்த படிக்கட்டு அவருக்குப் பின்னால் இருந்தது.

தண்ணீர் இடுப்பளவுதான். ஆனால் கால் எலும்பு முறிந்துவிட்டது. கரையில் புளிசாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒரு குடும்பம் இலையைப் போட்டுவிட்டு ஓடி வந்து அவரைத் தூக்கியது. அந்த நிலையிலும், "நீங்க சாப்பிடுங்க, நான் அப்புறமா வரேன்" என்றார். ஆஸ்பத்திரியில் முழங்கால்வரை மாவுக்கட்டு போட்டு, பொங்கலுக்குப் பிறகுதான் காலை ஊன்ற வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்கள். பொங்கல் என்றால் கெடு முடிந்து தை பிறந்துவிடும்.

சாய்வு நாற்காலியில் உட்கார வைத்துப் பார்த்தேன். 'அன்புள்ள ஆசிரியருக்கு' என்றார், நிறுத்திவிட்டார். நானும் இரண்டு பேருமாகத் தூக்கிக் குதிரை வண்டியில் ஏற்றிச் சுற்றிவந்தோம். "குதிரை யோசிக்குதுங்க. நான் யோசிக்கலை" என்றார். நாளாக ஆக முகம் வாடியது. ஒருநாள் பெட்டியை எடுத்துத் தூசி தட்டச் சொன்னார். அவருடைய சமையல்காரர், பாலக்கரையைச் சேர்ந்த பாய், பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, "பூட்டு துருப்பிடிச்சுப் போச்சு தொரை, பிரயாணம் தோதுப்படாது" என்று சொல்லி அதை மறுபடி பரணில் ஏற்றிவிட்டார். பூட்டு நன்றாகத்தான் இருந்தது.

மாலை வேலை இல்லாததால் நான் நேரத்தோடு வீடு திரும்பினேன். என் மனைவிக்கு அது பிடிக்கவில்லை.

"ஏன்னா, தொரை எப்போ எழுந்து நடப்பார்?"

"தை மாசம் ஆகும். ஏன்?"

"நீங்க ஆத்திலே உக்காந்துண்டு என் அஞ்சறைப்பெட்டியை வரிசைப்படுத்தறது தாங்கலை. கடுகு இருந்த எடத்திலே வெந்தயத்தைப் போட்டு, இன்னிக்கு ரசம் கசந்து வழியறது."

நான் நிலைமையைச் சொன்னேன். கால் இல்லாமல் நடை இல்லை. நடை இல்லாமல் புத்தகம் இல்லை. புத்தகம் இல்லாவிட்டால் அவர் ஊருக்குப் போக வேண்டியதுதான். அவள் வாழைக்காய் நறுக்கிக்கொண்டே கேட்டாள்.

"பெருமாள் வீதியிலே பொறப்பாடு கண்டருளும்போது நடையழகு, நடையழகுன்னு ஊரே மெச்சறது. அவர் திருவடியா தரையிலே படறது? ஸ்ரீபாதந்தாங்கிகள்னா நடக்கறா? உங்க தொரைக்கு மட்டும் சொந்தக் கால்தான் வேணுமாக்கும்!"

கேலியாகத்தான் சொன்னாள். ஆனால் ஸ்ரீரங்கத்தில் பிறந்தவனுக்கு அது சட்டென்று உறைத்தது. பெருமாளைத் தோளில் சுமக்கிறவர்கள் சிங்கம்போல் எட்டு வைப்பார்கள். பாம்புபோல் வளைந்து வருவார்கள். பார்க்கிற ஒருவர்கூட அவர்கள் நடக்கிறார்கள் என்று சொல்வதில்லை. 'பெருமாள் சிங்கம் மாதிரி வரார் பாரு' என்றுதான் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். நடப்பவர் ஒருவர், நடை இன்னொருவருடையது. எங்கள் ஊரில் இது யாருக்கும் வியப்பில்லை.

மறுநாள் அவரிடம் சொன்னேன். "எனக்காக யாருங்க நடப்பாங்க?" என்று கேட்டார்.

முதலில் நான் நடந்தேன். வராந்தாவின் அந்தக் கோடிக்குப் போனால் அவர் குரல் கேட்கவில்லை. திரும்பி வந்து கேட்டு எழுதுவதற்குள் அடுத்த வாக்கியம் போய்விட்டது. எழுதுகிறவன் அவர் பக்கத்தில் உட்கார வேண்டும்; நடக்கிறவர் வேறு ஆளாக இருக்க வேண்டும். வீட்டில் மீதி இருந்தவர் பாய் ஒருவர்தான்.

"யா அல்லா! நான் கறி தாளிக்கவா, இவரு கதையைத் தாளிக்கவா?" என்றார் பாய்.

"சும்மா இந்த வராந்தாவில் போய்ப் போய் வந்தால் போதும், பாய்."

"பைத்தியம்னு சொல்லுவாங்க, சாமி. தெருவில நம்ம ஆளுங்க போறாங்க வர்றாங்க. என் சம்பந்தி வேற இந்தப் பக்கமாத்தான் மார்க்கெட்டுக்குப் போவாரு."

"தொரை ஊருக்குப் போனால் பரவாயில்லையா?"

பாய் கரண்டியைக் கீழே வைக்கவில்லை. கையிலேயே வைத்துக்கொண்டு நடக்கத் தொடங்கினார்.

முதல் நாள் நடை வேகம். அடுப்பில் கறி இருந்ததால் ஓட்டமும் நடையுமாகப் போனார். வெள்ளைக்காரர் சொன்ன வாக்கியங்களும் தந்தி மாதிரி வந்தன. மூன்று நான்கு சொல்லுக்கு மேல் ஒரு வாக்கியமும் இல்லை. நடுவில் தீய்கிற வாசனை வந்ததும் பாய் உள்ளே பாய்ந்துவிட்டார். வாக்கியம் அந்தரத்தில் நின்றது.

"பாய்! ஒரு தடவை நடந்துட்டுப் போங்க! முடியலீங்க!" என்று இவர் கத்தினார்.

"தொரை, முடியாதது வாக்கியமா, கறியா? முடிவா சொல்லுங்க!"

அதன்பிறகு சமையல் முடிந்த பின்தான் நடை என்று ஏற்பாடு செய்துகொண்டோம். பாய் முகம் கழுவி, வெற்றிலை போட்டுக்கொண்டு, நிதானமாக நடப்பார். அவர் கால்களையே வெள்ளைக்காரரின் கண்கள் தொடரும். சொற்கள் வரத் தொடங்கின. பாயின் சம்பந்தி உண்மையாகவே ஒருநாள் வேலிக்கு அப்பால் நின்றுவிட்டார். "என்ன மச்சான், வேண்டுதலா?" என்று கேட்டார். "புஸ்தகம் எழுதுறேன், போய்யா" என்றார் பாய்.

ஆனாலும் அந்தக் கேள்விக்கு மட்டும் விடை வரவில்லை. ஏன் தங்கினேன் என்ற இடம் வந்ததும் அவர் வெள்ளத்துக்குப் போய்விடுவார். நானும் எழுதிவிட்டு அடித்துவிடுவேன். மார்கழி வந்துவிட்டது. விடியற்காலையில் ஸ்ரீரங்கத்து வீதிகளில் கோலம். என் மனத்தில் தபால் கப்பலும் விமானமும்.

ஒருநாள் பிற்பகல். பாய் வழக்கம்போல நடந்துகொண்டிருந்தார். வராந்தாவின் நடுவில் செவலை நாய் வெயிலில் காலை நீட்டிப் படுத்திருந்தது. பாய் ஒவ்வொரு முறையும் அதனருகே வந்ததும் கைலியைச் சற்றுத் தூக்கிப் பிடித்து, ஓசைப்படாமல் தாண்டிப் போனார். திரும்பி வரும்போதும் அப்படியே. வெள்ளைக்காரர் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு மெதுவாகச் சொல்லத் தொடங்கினார். நான் எழுதினேன். அதைத் தமிழில் சொன்னால் ஏறக்குறைய இப்படி வரும்: 'நான் இந்த ஊருக்கு வந்து வழியில் படுத்துவிட்டேன். ஏன் இங்கே படுத்திருக்கிறாய் என்று எவரும் என்னை எழுப்பவில்லை. வேலையாகப் போகிறவர்கள், வேட்டியைச் சற்றுத் தூக்கிப் பிடித்து, என்னைத் தாண்டிப் போனார்கள். இப்படி ஒரு மரியாதை எனக்கு வேறெங்கும் கிடைத்ததில்லை.'

அன்று அத்தியாயம் முடிந்தது. நான் அந்த இடத்தைப் பாய்க்குத் தமிழில் சொன்னேன்.

"மரியாதையா?" என்றார் பாய். "எழுப்பினா குரைக்கும், சாமி. அதான் தாண்டினேன்."

வெள்ளைக்காரர் கண்ணில் நீர் வரச் சிரித்தார். அதையும் அத்தியாயத்தில் சேர்க்கச் சொன்னார். புத்தகம் அந்த வரியோடுதான் முடிகிறது.

நான் தட்டச்சு செய்து, பிழை பார்த்து, மூலை மடங்காமல் கட்டி அனுப்பினேன். கெடுவுக்குள் போய்ச் சேர்ந்தது. பதிப்பாளர் ஏற்றுக்கொண்டார், அடுத்த புத்தகத்துக்கும் சம்மதம் தெரிவித்தார். தங்கை அந்த அறையை ஒரு பியானோ வாத்தியாருக்குக் கொடுத்துவிட்டாள். சம்மதம் வந்த அன்று பாய் பிரியாணி செய்து, பிறகு குளித்துவிட்டு வந்து எனக்குத் தனியாக வெண்பொங்கலும் செய்தார். பெட்டி பரணிலேயே இருந்தது.

பொங்கல் கழிந்து மாவுக்கட்டைப் பிரித்தார்கள். கால் நன்றாகக் கூடியிருந்தது. நான் அட்டைப் பலகையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு போனேன். அவர் சாய்வு நாற்காலியில் சுகமாகச் சாய்ந்திருந்தார்.

"நடக்கலாமா சார்?"

"பாய் நடப்பாருங்க. எனக்கு இது பழகிடுச்சு."

உள்ளே பாத்திரம் ஒன்று ஓசையோடு விழுந்தது.

அதற்கு மறுநாளிலிருந்து பாய் மாலை டீயை நாற்காலிக்குக் கொண்டுவருவதை நிறுத்திவிட்டார். முதலில் வராந்தாவின் கோடியில் வைத்தார். பிறகு வாசல் கேட்டின் தூண்மேல். சில நாளில், வீட்டில் டீத்தூள் தீர்ந்துவிட்டது, தெருமுனைக் கடையில் சொல்லி வைத்திருக்கிறேன் என்றார். வெள்ளைக்காரர் முனகிக்கொண்டே குடையை எடுத்தார். கடையை நெருங்கும்போது எதையோ சொல்லத் தொடங்கினார். நான் பென்சிலை எடுத்தேன்.

இரண்டாவது புத்தகம் அந்த டீக்கடை வாசலில்தான் ஆரம்பிக்கிறது. டீ ஆறிப்போயிருந்தது என்று முதல் பக்கத்திலேயே ஒரு புகார் இருக்கிறது. பாய் அதை இன்றுவரை ஒப்புக்கொள்ளவில்லை. "சூடாத்தான் இருந்துச்சு. இவரு மெதுவா நடந்தாரு" என்கிறார்.