போட்டில் போனவரும் சந்தில் கத்திய வண்டியும்

எங்கள் வீட்டில் ஒரு பைக் இருந்தது. அந்தப் பைக்குக்கு ஒரு அலாரம் இருந்தது. இரண்டில் எது என் உயிரை அதிகம் வாங்கியது என்று கேட்டால், இரண்டையும் வாங்கிவந்த மனிதரைத்தான் கைகாட்டுவேன். என் வீட்டுக்காரரைத்தான் சொல்கிறேன்.

எல்லார் கையிலும் செல்போன் வந்திராத காலம். மட்டாஞ்சேரியில் இஞ்சி கோடவுன்களுக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்தோம். பழைய ஓட்டு வீடு. மழை வந்தால் சுவரெல்லாம் ஊறும். மகளுக்கு ஆறு வயது, இழுப்பு உண்டு. ஈரம் ஏறினால் அவள் நெஞ்சு விசில் அடிக்க ஆரம்பிக்கும். விடிய விடிய அவளை மடியில் நிமிர்த்தி உட்கார வைத்துக்கொண்டு எத்தனையோ மழையைக் கழித்திருக்கிறேன். வீட்டை முதலில் காய்ந்ததாக்குங்கள், அப்புறம் மருந்து என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அதனால்தான் ஜூனில் பிடிக்கும் இடவப்பாதி மழைக்கு முன்னால் ஓடு பிரித்து, சுவரைச் சுரண்டிப் புதிதாகப் பூச ஆள் வைத்தோம். வேலை முழுக்க அந்தப் பிள்ளையின் மூச்சுக்காகத்தான். இதை அவரும் மறந்திருக்கக் கூடாது.

அதுவரை பைக் முன்னறைக்குள் நின்றது. ராத்திரி பலகை போட்டு உள்ளே ஏற்றுவார், காலையில் இறக்குவார். வேலை தொடங்கியதும் கட்டிலும் பீரோவும் முன்னறைக்கு வந்துவிட்டன. பைக் சந்துக்குப் போனது. அவர் முகம் செத்துப்போனது.

திருட்டுப் பயம் பொய் என்று சொல்லமாட்டேன். அவரோடு வேலை பார்க்கும் ஒருவரின் வண்டி, காயலைக் கடக்கும் போட்டு வந்து நிற்கிற படகுத்துறை ஜெட்டி வாசலிலிருந்தே காணாமல் போயிருந்தது. பள்ளுருத்திப் பக்கமும் அப்படித்தான் பேசிக்கொண்டார்கள். சரி, பயப்படட்டும். ஆனால் அவர் செய்தது என்ன? ஜெட்டியில் வைத்தால் போய்விடும் என்று வண்டியை வீட்டு வாசலிலேயே விட்டுவிட்டு நடந்து போய் போட்டு ஏறினார். பைக் வாங்கின மனுஷன் எறணாகுளம் ஆபீசுக்குப் போட்டில் போகிறார், பைக் வீட்டில் படுத்துக்கிடக்கிறது! அதற்குக் காவலாக ஒரு அலாரம் வேறு மாட்டிக்கொண்டு வந்தார்.

ஐயோ, அந்தச் சனியன்! ஒரே சத்தம் என்றால்கூடக் காது பழகிவிடும். போலீஸ் வண்டி மாதிரி ஒரு தடவை, ஆம்புலன்ஸ் மாதிரி ஒரு தடவை, பிறகு பேர் தெரியாத ஏதோ பறவை மாதிரி. மேலேயிருந்து ஓட்டுத்துண்டு விழுந்தால் கத்தும். சந்தில் அலையும் ஆடு முதுகைச் சொறிந்துகொண்டால் கத்தும். காக்கா உட்கார்ந்தால் கத்தும். ஒவ்வொரு தடவையும் மகள் தூக்கத்தில் திடுக்கிட்டு எழுந்து இருமுவாள். கூரைமேல் நின்ற மேஸ்திரிக்கு அது விளையாட்டாகிவிட்டது. "சேச்சி, ஓடி வாங்க, கொழந்த கரையுது!" என்று, ஏதோ குழந்தை அழுகிற மாதிரி, பைக்கைக் காட்டிச் சிரிப்பான்.

நிறுத்தும் ரிமோட் எங்கே? அவர் சட்டைப் பையில், காயலைத் தாண்டி, ஆபீசில்.

"ஏங்க, அதை வீட்டில வச்சிட்டுப் போனா என்ன?"

"நீ தொலைச்சிடுவ."

ஆறு வயதுவரை ஒரு பிள்ளையைத் தொலைக்காமல் வைத்திருக்கிறேன், ஒரு ரிமோட்டைத் தொலைத்துவிடுவேனாம்!

எங்கள் சந்தில் ஒரு வழக்கம் உண்டு. யாரும் வண்டியின் ஹேண்டிலைப் பூட்டமாட்டார்கள். கோடவுனிலிருந்து மூட்டை ஏற்றிய கைவண்டி வரும், கேஸ் சிலிண்டர் வரும், ஆட்டோ வரும். வழியில் எந்த வண்டி நின்றாலும், பார்க்கிற ஆள் அதைத் தள்ளித் திருப்பத்தில் நிறுத்திவிட்டுப் போவார். கேட்க வேண்டியதில்லை. யாரும் சொல்லித்தந்ததும் இல்லை. அது இல்லையென்றால் அந்தச் சந்தில் ஒருநாள் வாழ முடியாது. எங்கள் மணல் குவியல் பாதி வழியை அடைத்துக் கிடந்த அந்த நாட்களில் கேட்கவே வேண்டாம்.

எதிர்வீட்டுக்காரரைச் சந்தில் எல்லாரும் இக்கா, அண்ணன், என்றுதான் கூப்பிடுவோம்; கோடவுனில் மூட்டை தூக்குகிறவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை கைவண்டிக்கு வழிவிட எங்கள் பைக்கைத் தள்ளினார். அது ஊளையிட்டது. என் வீட்டுக்காரர் பாதிச் சவரத்தில், முகமெல்லாம் நுரையோடு வெளியே பாய்ந்தார்.

"எவன்டா வண்டியில கை வச்சது?"

சந்தே வாசலுக்கு வந்துவிட்டது. இக்கா பைக்கிலிருந்து கையை எடுத்தார்.

"ஞான் கள்ளன் அல்லா, கேட்டோ," என்றார் மெதுவாக. "இனி இத தொடில்லா. ஆரும் தொடில்லா."

எனக்கு வெட்கமாக இருந்தது. போய் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வாருங்கள் என்று கெஞ்சினேன். அவர் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. அன்றிலிருந்து ஹேண்டிலையும் பூட்ட ஆரம்பித்தார். கைவண்டிக்காரர்கள் எங்களைத் திட்டிக்கொண்டே மறுபக்கமாகச் சுற்றிப் போனார்கள்.

உள்ளறைச் சுவரைச் சுரண்டிய அன்று, எவ்வளவுதான் துணி கட்டி மறைத்தும், பழைய சுண்ணாம்புத் தூசி முன்னறைக்கு வந்துவிட்டது. பத்து மணிக்கு மேல் மகளுக்கு இழுக்க ஆரம்பித்தது. வாயில் மருந்து பம்ப் அடித்தேன், கேட்கவில்லை. கழுத்துக்குழி உள்ளே போய்ப் போய் வந்தது. உதடு ஒருமாதிரி நீலம் பாய்ந்தது. மேஸ்திரி சாந்துக் கையோடு ஓடிப் போய் ஆட்டோ கூட்டிவந்தான்.

ஆட்டோ எங்கள் வீட்டுக்குக் கொஞ்சம் முன்னால் நின்றுவிட்டது. ஒரு பக்கம் மணல், ஒரு பக்கம் பைக். டிரைவர் ஹாரன் அடித்தான். எதிர்வீட்டு வாசலில் இக்கா நின்றிருந்தார். பக்கத்து வாசல்களிலும் ஆட்கள் இருந்தார்கள். ஒருத்தரும் அசையவில்லை.

"ஆ வண்டியத் தொட்டா போலீஸ் கேசாவும்," என்று இக்கா டிரைவரிடம் சொன்னது உள்ளே எனக்குக் கேட்டது.

எனக்கு வந்த ஆத்திரத்தில் யாரைத் திட்டுவது என்றே தெரியவில்லை. மகளைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்து, "இக்கா, பிள்ளைக்கு மூச்சு போகுது!" என்று கத்தினேன்.

அவர் அப்போதுதான் அவளைப் பார்த்தார். "படச்சோனே!" என்று படைத்தவனைக் கூப்பிட்டுக்கொண்டே பாய்ந்து வந்தார். தள்ளினால் பூட்டிய ஹேண்டில் வண்டியைச் சுவரில் கொண்டுபோய் முட்ட வைத்தது. அது கத்தத் தொடங்கியது. மகள் பயந்து அழ ஆரம்பித்தாள். இருக்கிற மூச்சையும் அழுகை பறித்தது. இக்காவும் மேஸ்திரியும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து, அந்தப் பிசாசை அப்படியே தூக்கி மணலில் சாய்த்தார்கள். சந்து முனை தாண்டியும் அது கத்துவது கேட்டுக்கொண்டே இருந்தது.

ஆஸ்பத்திரியில் மகளுக்கு மாஸ்க் வைத்து மருந்துப் புகை கொடுத்தார்கள். நர்ஸ் அவர் ஆபீசுக்குப் போன் போட்டுச் சொன்னார். போட்டு பிடித்து வரவேண்டும், நேரமாகும் என்று எனக்கும் தெரியும். ஒவ்வொரு காலடிச் சத்தத்துக்கும் வாசலைப் பார்த்தேன். என்ன இருந்தாலும் அவளுக்கு அப்பா. வந்து நின்றால் கொஞ்சம் தைரியம்.

கடைசியில் அவர் வந்தது கீழேயிருந்து கேட்டது. பீக், பீக். வண்டியைப் பூட்டுகிற சத்தம். ஜெட்டியில் இறங்கி, நேரே வீட்டுக்குப் போய், மணலிலிருந்து அதை நிமிர்த்தி, துடைத்து, ஓட்டிக்கொண்டு வந்திருக்கிறார். துடைத்த துணிகூடக் கையில் இருந்தது.

வாசலில் நின்றே கேட்டார்: "வண்டிய யாரு மணல்ல தள்ளினது? இண்டிகேட்டர் ஒடஞ்சு போச்சு. எதிர்வீட்டான்தானே?"

வார்டு முழுக்கக் கேட்கட்டும் என்றுதான் சொன்னேன்:

"நான்தான் தள்ளினேன். நான் ஒருத்திதான். இன்னொரு தடவை வழியில நின்னா கொளுத்துவேன். போங்க, போய் என் மேல கேசு குடுங்க."

பக்கத்துக் கட்டில்காரர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அதற்குப் பிறகுதான் அவர் எங்கள் கட்டிலைப் பார்த்தார்.