வாசல் ஆணியில் மாட்டிய தொப்பி

நம்பினால் நம்புங்கள், இல்லையென்றால் சிரித்துவிட்டுப் போங்கள். ஒரு சொட்டுக்கூடக் குடிக்காத நாளில், விளக்கு எரிந்த வீட்டில், எனக்கே நடந்தது இது.

ரஷ்யாவின் டான் ஆற்றங்கரையில் எங்கள் ஊர். கொசாக் என்னும் போர்வீரக் குடியினர் நாங்கள். மிஞ்சியிருப்பது ஒன்பது பழைய மரவீடுகள். அவற்றைச் சுற்றுலா விடுதிகளாக்கும் வேலை என் பொறுப்பு. மறுநாள் அதிகாரிகள் குழு வருகிறது. நான் முதலில் தயார் செய்யும் மாதிரி வீடு அவர்களுக்குப் பிடித்தால் ஒன்பதும் பிழைக்கும். பிடிக்காவிட்டால் புல்டோசர். இது புரியாமல் ஊரே என்னைக் கரித்துக்கொட்டியது.

அந்த வீட்டில் சாமி படங்களுக்குக் கீழே ஒரு ராணுவத் தொப்பி இருந்தது. போருக்குப் போனவன் திரும்பாவிட்டால் அவன் தொப்பியை அங்கே வைப்பது எங்கள் வழக்கம். மனைவி மறுமணம் செய்தால் அவளே அதை ஆற்றில் விடுவாள். வேறு யார் கையும் படக்கூடாது. நான் அதை எடுத்து வாசல் ஆணியில் மாட்டி, 'அணிந்து படம் எடுங்கள்' என்று அட்டையும் தொங்கவிட்டேன்.

தச்சர் ஃபதேய் அதைப் பார்த்ததும் உளியைப் பைக்குள் போட்டார்.

"யோவ் சவேலி, கிறுக்கா ஒனக்கு? அவன் பொண்டாட்டி கடைசி வரைக்கும் வேற எவனையும் கட்டல. எடுத்த எடத்துல வை."

"வேலையப் பாருய்யா."

"செத்தவன் தொப்பிய வெச்சுப் பொழைக்கிற நீயே பாரு. நான் கெளம்புறேன்."

மாலை 4.10. ஜன்னலுக்கு நீலச் சாயம் பூசிக்கொண்டிருந்தேன்.

4.25. 'டப்.' அட்டை தரையில் கிடந்தது. தொப்பி சாமி படங்களுக்குக் கீழே இருந்தது. ஃபதேயைத் திட்டிக்கொண்டே மறுபடி மாட்டினேன்.

4.40. மரப்படியில் பூட்ஸ் சத்தம். டக்... டக்... வாசலில் வந்து நின்றது. எட்டிப் பார்த்தேன். யாருமில்லை.

தொப்பியைத் தொட்டேன். சூடாக இருந்தது. உள்பட்டை வியர்வையில் ஈரம்... இப்போதுதான் யாரோ கழற்றியதுபோல.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. ஊர்க்காரர்கள் மிரட்டிப் பார்க்கிறார்களா? வேண்டுமென்றே அதை எடுத்துத் தலையில் வைத்தேன்.

மேலிருந்து ஒரு கை அழுத்தியது.

ஐந்து விரல்கள். எண்ண முடிந்தது...

முழங்கால் தரையில் இடித்தது.

காதருகே மூச்சு.

"வை."

தவழ்ந்து போய் வைத்தேன். 4.52. கதவைப் பூட்டிவிட்டு ஓடினேன்.

மறுநாள் காய்ச்சல். எழுந்திருக்கவே முடியவில்லை. பகல் 11.15க்குக் குழுத் தலைவி அக்சின்யா போன் செய்தார்.

"வாழ்த்துகள் சவேலி! ஒன்பது வீட்டுக்கும் அனுமதி."

"சாவி என்கிட்டல்ல இருக்கு... எப்படி உள்ள போனீங்க?"

"வாசல்ல பழைய சீருடைல நின்னாரே, உங்க ஆளு! அவருதான் தெறந்தாரு. தெனமும் அவரு இருக்கணும், அதுதான் எங்க நிபந்தனை."

என்னிடம் அப்படி ஒரு ஆள் இல்லை. அதைச் சொன்னால் புல்டோசர் வரும்.

"சரிங்க" என்றேன்.

"சனிக்கிழமையே பன்னெண்டு பேர அனுப்புறோம். 'ராத்திரி தங்குறவங்க யாரும் திரும்பிப் போக மாட்டாங்க'ன்னு அவரு சொன்னாரு பாருங்க... எங்களுக்கு ரொம்பப் புடிச்சுப்போச்சு."