இரண்டு பிடரியிலும் மருதாணி

என் மூத்த பேரன் கார்த்திக் பெங்களூரில் என்ஜினீயர். அடுத்தவன் பிரபு போன மாதம்தான் வக்கீலானான். கறுப்புக் கோட்டோடு அவன் நிற்கிற படத்தை நம் தெரு குரூப்பில் போட்டபோது எல்லோரும் வாழ்த்தினீர்கள். பேத்தி சுகன்யா உப்பிலியபுரத்தில் பாங்க் ஆபீசர். அஞ்சாங்கிளாஸோடு நின்றுபோன நான் இதைப் பெருமைக்காகத்தான் சொல்கிறேன். ஆனால் இன்றைக்குச் சொல்ல இன்னொரு காரணமும் இருக்கிறது. இந்த மூன்று பேருக்கும் போலியோ சொட்டு ஊற்றி, இடது கை சுண்டுவிரலில் மை வைத்தவர் மெஹருன்னிசா அக்கா. நம் திருவானைக்காவல் தெருவில் வளர்ந்த பிள்ளைகளில் முக்கால்வாசிப் பேரின் விரல் அந்த அங்கன்வாடி டீச்சரின் கையில் இருந்த விரல்தான்.

சுகன்யா வீட்டில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். அவள் போனைப் பார்த்துவிட்டு, "பாட்டி, மெஹருன் பாட்டி தவறிட்டாங்களாம். மாரடைப்பாம்" என்றாள். "எந்த மெஹருன்?" என்று கேட்டேன். எனக்குத் தெரிந்தது ஒரே ஒரு மெஹருன்தான். அப்படியும் கேட்டேன். சத்திரம் பஸ் ஸ்டாண்டில் இறங்கி, காலமெல்லாம் ஏறிய பஸ் எங்கே நிற்கும் என்று தெரியாமல் முழித்தேன். வீடு வந்து சேர்ந்தபோது அடக்கம் முடிந்திருந்தது. முகம் பார்க்கவில்லை.

அதனால்தானோ என்னவோ, அவர் போய்விட்டார் என்பது இன்னும் எனக்குச் சரியாகப் பிடிபடவில்லை.

பிரபுவுக்கு மூன்று வயது இருக்கும். சொட்டு மருந்து ஞாயிறன்று வாயை இறுக்கி மூடிக்கொண்டான். ஆனால் மற்றப் பிள்ளைகளைப் போல மை மட்டும் வேண்டும் என்று விரலை நீட்டி அழுகிறான். "மையை மட்டும் வச்சு விடுங்கக்கா, போகட்டும்" என்றேன். அக்கா ஒப்புக்கொள்ளவில்லை. "சொட்டு உள்ள போகாம மை வெளிய வராது ராஜாமணி. நீ வாயத் தொறந்து காட்டு, ஒன்னப் பாத்து அவனும் தொறப்பான்" என்றார். நடுத்தெருவில் நான் ஆவென்று நின்றேன். எல்லோரும் சிரித்தார்கள், அவனும் சிரித்தான், சொட்டு உள்ளே போய்விட்டது. அவன் வக்கீலான செய்தியைச் சொன்னதும் அக்கா கேட்டார்: "அன்னிக்கு வாயவே தொறக்காத பயலா கோர்ட்டுல பேசப்போறான்?"

ரிட்டயர் ஆன பிறகு அவருக்குப் பூனைக்குட்டிகள். மாடிப்படிக்கு அடியில் ஒரு வெள்ளைப் பூனை போட்ட குட்டிகள் எல்லாம் போன தடவை வாந்தியும் பேதியுமாகச் செத்துப்போயின. இந்தத் தடவை பிழைத்தவை இரண்டு. இரண்டும் பஞ்சு மாதிரி வெள்ளை, ஒன்றுக்கொன்று வித்தியாசமே தெரியாது. கூடையில் வைத்து, துப்பட்டாவால் மூடி, தடுப்பூசி போட மாட்டாஸ்பத்திரிக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனார்.

ஆட்டைப் பிடித்துக்கொண்டிருந்த ஒருவர், "பூனைக்கெல்லாமா ஊசி?" என்று சிரித்தார்.

"ஏங்க, ஒங்க ஆட்டுக்கு மட்டும்தான் உசுரா? தொட்டுப் பாருங்க, பூனைக்கும் அதே உசுருதான்" என்றார் அக்கா. அந்த மனிதர் ஆட்டை நகர்த்தி எங்களுக்கு வழி விட்டார்.

ஒரு குட்டிக்கு டாக்டர் ஊசி போட்டார். மற்றதற்கு உடம்பு சுட்டது. "ஜுரம் விட்டப்புறம் கொண்டாங்க. எந்தக் குட்டிக்குப் போட்டோம்னு அடையாளம் வச்சுக்குங்க" என்றார். அன்றைக்கே அக்கா மருதாணி அரைத்து, ஊசி போட்ட குட்டியின் பிடரியில், நாக்கு எட்டாத இடத்தில், ஒரு பொட்டு வைத்தார். மறுநாள் நான் உப்பிலியபுரம் போனேன்.

துக்கம் கேட்கப் போன நாளில் படிக்கட்டில் குட்டிகள் விளையாடிக்கொண்டிருந்தன. இரண்டு பிடரியிலும் மருதாணி.

அவர் மருமகள் சபீனாவைக் கேட்டேன். "ஒரு நாள் மாமி கூடையத் தூக்கிட்டு ஆட்டோல போனாங்க. எங்கன்னு நான் கேக்கலைங்க" என்றாள். அவள் மகளோ, "இல்ல, இதுக்கும் வேணும்னு நான்தான் அழுதேன். நன்னிம்மா வச்சுவிட்டாங்க" என்கிறாள். மாட்டாஸ்பத்திரியில் கேட்டால், "தினமும் எத்தனை கூடை வருது பாட்டி, எனக்கு எப்படி ஞாபகம் இருக்கும்?" என்கிறார் டாக்டர்.

எதை நம்புவது? என் பேரன் அழுதபோது இளகாதவர், தன் பேத்தி அழுததும் இளகிவிட்டாரா? இல்லை, என்னை எதிர்பார்க்காமல் தனியாகவே போய் ஊசி போட்டு வந்தாரா? இத்தனை வருஷம் பழகியும் என்னால் அடித்துச் சொல்ல முடியவில்லை. அப்படியும் நினைக்கிறேன், இப்படியும் நினைக்கிறேன்.

ஆனால் போடாமல் விட்டுவிட்டால் குட்டி செத்துப்போகும். துக்க வீட்டிலிருந்து பூனையைத் தூக்கிக்கொண்டு போகலாமா என்றும் தெரியாமல் சபீனாவிடமே கேட்டேன். அவள் அழுதபடியே கூடையை எடுத்துக் கொடுத்தாள். "கொண்டு போங்கம்மா. மாமி இருந்தா நாள் தள்ள விடமாட்டாங்க."

டாக்டர் ஒரே வார்த்தையில் முடித்தார். "சந்தேகம்னா ரெண்டுக்கும் போட்டுருவோம். மறுபடி போட்டதால ஒண்ணும் ஆகாது. மூணு வாரம் கழிச்சு ரெண்டையும் திரும்பக் கொண்டாங்க." ஊசி ஏறியபோது இரண்டும் கத்தின. எனக்கு ஏனோ வாய் தானாகத் திறந்துகொண்டது.

திரும்பி வரும்போது ஆட்டோவில் கூடையைத் திறந்து பார்த்தேன். அக்கா எதற்காக வைத்தாரோ, அந்தப் பொட்டு இரண்டுமே இனிப் பொய் இல்லை. அது ஒன்றுதான் எனக்குத் தெளிவாகத் தெரிகிறது. சொட்டு உள்ளே போகாமல் மை வெளியே வராது என்ற அவர் பேச்சை நான் வைத்துக்கொள்கிறேன். அடுத்த ஊசிக்குக் கூடையும் என் கையில்தான்.

அன்சாரி தம்பி, துபாயிலிருந்து நீ குரூப்பில் போட்டிருக்கிற உன் அம்மா படம் பாஸ்போர்ட்டுக்கு எடுத்தது. முக்காட்டுக்குள் முறைத்துக்கொண்டு யாரோ மாதிரி இருக்கிறார். கூடையோடு வாசலில் நின்று சிரிக்கிற படம் ஒன்று சபீனா போனில் இருக்கிறதாம். நான் முகம் பார்க்கவில்லை தம்பி. அதை எடுத்துவிட்டு, இதைப் போடு.