சந்திரா ஆன்ட்டி ஓடையில் விட்ட மீன்கள்

1998 மார்ச், ஸ்ப்ரிங் பிரேக் விடுமுறை. மேற்கு டெக்சஸில், ஃபோர்ட் ஸ்டாக்டன் பக்கம் ஒரு பாலைவன ஓடை இருக்கிறது. விரல் நீளம்கூட இல்லாத பப்ஃபிஷ் மீனில் ஒரு வகை அங்கே மட்டும்தான் உண்டு. உயிரியல் எம்.எஸ். படிக்கும் எனக்கு அதைப் பார்க்க ஆசை, கார் கிடையாது. பிக் பெண்ட் தேசியப் பூங்காவுக்குக் கிளம்பிய சுகர் லேண்ட் சந்திரா ஆன்ட்டியும் அங்கிளும் என்னையும் வேனில் ஏற்றிக்கொண்டார்கள்.

சுகர் லேண்டிலிருந்து ஐ-10 நெடுஞ்சாலையில் சுமார் ஐந்நூறு மைல். காலை ஐந்துக்குக் கிளம்பி மதியம் இரண்டரைக்குச் சேர்ந்தோம். பெட்ரோல் இருபத்திரண்டு டாலர். வழியில் ஏதாவது ஏரியில் தூண்டில் போடலாம் என்று அங்கிள் முந்தின நாளே கால்வெஸ்டன் கடற்கரையில் உயிருள்ள இரை மீன்கள் வாங்கி, மூடிபோட்ட பக்கெட்டில் வேனின் பின்னால் வைத்திருந்தார். ஏரிக்குப் போக நேரமில்லாமல் போயிற்று.

ஓடையில் ஆண் மீன்கள் கைக்குட்டை அளவு இடத்தைக் காவல் காத்து, வருவதையெல்லாம் விரட்டிக்கொண்டிருந்தன. குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். சற்றுத் தள்ளி, சாலைப் பாலத்தடியில் ஆன்ட்டியின் குரல் கேட்டது.

“பக்கெட்லயே சாகடிக்கப் பாத்தீங்களா? பாவங்க. விட்டுட்டேன்.”

“அடிப்பாவி, டஜன் ரெண்டு டாலர்டி!”

“இருக்கட்டும். என் வேன்ல கொலை நடக்கக் கூடாது.”

ஓடிப்போய்ப் பார்த்தேன். உப்பங்கழியில் வாழும் ஷீப்ஸ்ஹெட் மின்னோ என்ற சிறு மீன். பப்ஃபிஷ்ஷுக்கு நெருங்கிய சொந்தம். இரண்டும் கூடும். கலப்பினக் குஞ்சுகளும் இனம் பெருக்கும், எந்தத் தண்ணீரையும் தாங்கும். சில தலைமுறையில் ஓடை நிறைய மீன் இருக்கும், பழைய மீன் இருக்காது. அங்கிளின் வலையை வாங்கி இறங்கினேன். மூன்றுதான் அகப்பட்டன.

“என்னம்மா, மீன்லகூட ஜாதி பாக்கறியா?” என்று அங்கிள் சிரித்தார்.

இந்த மீனுக்கு வேறு ஊர் இல்லை அங்கிள் என்று சொல்லியிருக்கலாம். மறுநாள் மாநில மீன்வளத் துறைக்கு மட்டும் ஃபோன் பண்ணினேன்.

அக்டோபரில் அந்தத் துறையினரோடு ஓடையில் வலை இழுக்கப் போனேன். வந்த குஞ்சுகளில் பலவற்றை எந்த இனம் என்று கண்ணால் சொல்ல முடியவில்லை. அந்த வாரமே ஆன்ட்டி ஃபோனில் கேட்டார்.

“நான் விட்டதெல்லாம் பொழச்சுதாடி?”

“பொழச்சுது ஆன்ட்டி.”

“பாத்தியா!” குரலில் அவ்வளவு சந்தோஷம்.

போகிறவர்களுக்கு: ஃபோர்ட் ஸ்டாக்டனில் பெட்ரோலும் தண்ணீரும் நிரப்பிக்கொள்ளுங்கள். சுற்றிலும் தனியார் நிலம். சாலைப் பாலத்திலிருந்தே பாருங்கள். இரை மீன் மிஞ்சினால் எந்தத் தண்ணீரிலும் விடாதீர்கள். வெயில் தரையில் கொட்டிவிடுங்கள். ஆம், கொல்லத்தான் சொல்கிறேன். ஆன்ட்டியிடம் இதை எப்படிச் சொல்வது என்றுதான் எனக்கு இன்னும் தெரியவில்லை.