தேனீப் பெட்டிக்கு மழைக்கோட்டு

காஞ்சன்பாக் குவார்ட்டர்ஸில் குடியிருந்தபோது கொல்லையில் ஒரு தேனீப் பெட்டி வைத்திருந்தேன். மழைக்காலம் வந்ததும், நனைந்துவிடப் போகிறதே என்று தேனீக்கள் வந்துபோகும் வாசலை மட்டும் விட்டுவிட்டு, பிளாஸ்டிக் ஷீட்டால் அதை இறுக்கிச் சுற்றினேன். ஒரு வாரம் கழித்துத் திறந்தால் மூடியின் உட்புறமெல்லாம் நீர்த்துளி, அடையின் ஓரத்தில் பூஞ்சணம்.

"ஒரு சொட்டு மழைகூட உள்ள போகலையே!" என்று புலம்பினேன்.

செகந்திராபாத்திலேயே பிறந்து வளர்ந்த பக்கத்து வீட்டு அக்கா மதில்மேல் எட்டிப் பார்த்தார்.

"இட்லிச் சட்டி மூடியில தண்ணி நிக்கலியா? அதேதான். அதுங்க மூச்சு வெளிய போக வேணாமா? ஷீட்டு நக்கோ, வேணவே வேணாம், உருவிப் போடு."

உருவினேன். மூடியின் மூலைகளில் தீக்குச்சி செருகிக் காற்றுக்கு வழிவிட்டேன். இரண்டே நாளில் உள்ளே காய்ந்துவிட்டது. பெட்டி வாசலில் தேனீக்கள் வரிசையாக நின்று சிறகால் விசிறிக்கொண்டிருந்தன. பார்க்க வந்த அக்கா அதன் அருகே மெல்லக் கையை நீட்டினார்.

"ஹவ், ஆமா! நெஜமாவே காத்து வருது!"

இருவரும் மாறிமாறிக் கையை நீட்டிப் பார்த்துச் சிரித்தோம்.