கிளெனிஸும் மூன்று நட்சத்திரக்காரர்களும்

பட விமர்சனங்களில் முதலில் மூன்று நட்சத்திரம் போட்டவர்கள் எழுதியதைத்தான் படிப்பாள் கிளெனிஸ். ஒரு படத்துக்கு ஐந்து நட்சத்திரம் போட்டவர்களைக் கண்டால் கைப்பேசியில் அவள் விரல் நிற்பதே இல்லை. "அஞ்சு போட்டவன் டைரக்டரோட மச்சானா இருப்பான். ஒண்ணு போட்டவனுக்கு அன்னிக்கு வீட்ல சண்டை. மூணு போட்டவன்தான் கண்ணு, நெஜமாவே படத்தைப் பாத்தவன்" என்பாள் என்னிடம்.

பர்னி ஊரில் அவள் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவே ஒரு வேலிதான். பதினெட்டு வருடப் பழக்கம். பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள். பின் இருக்கையில் எவன் என்ன செய்கிறான் என்று கண்ணாடியில் பார்த்தே பழகிய கண்கள். தொலைக்காட்சியையும் அப்படித்தான் பார்ப்பாள். 'உங்களுக்காகவே தேர்ந்தெடுத்தவை' என்று திரை பல்லிளித்தால் போதும், சீறுவாள்.

"தொண்ணூத்தேழு சதவீதம் எனக்குப் பொருந்துமாம்! முப்பது வருஷமா கூட இருக்கற நெவிலே அறுபதுதான் தேறுவான்."

"போன வாரம் அம்பத்தஞ்சுன்னியே அம்மணி! ஏறிட்டேன் போல" என்பார் சோபாவிலிருந்து அவள் கணவர் நெவில்.

எந்தப் படத்துக்கும் பத்து நிமிடம் கெடு. அதற்குள் படத்தில் யாராவது ஒரு வேலை செய்தாக வேண்டும். பாத்திரம் கழுவலாம், மீன் அறுக்கலாம், எதுவானாலும் சரி. "எல்லாரும் ஜன்னலையே பாத்துட்டு நிக்கறாங்க. எழுதினவனும் அப்படித்தான் நின்னிருப்பான்" என்று அணைத்துவிடுவாள். தேறியவற்றின் பெயர்கள் திங்கட்கிழமை, புல்தரையில் பந்து உருட்டி ஆடும் பௌல்ஸ் கிளப்பின் பலகையில் ஏறும். பின்லாந்துப் படகு மெக்கானிக்கைப் பற்றிய தொடர் அப்படித்தான் ஊருக்குள் வந்தது. இறைச்சிக் கடையில்கூட இரண்டு வாரம் அதே பேச்சு.

போன ஞாயிறு மதியம் நான் ஸ்கோன் ரொட்டி சுட்டு எடுத்துப் போனபோது அவள் திரை முன் நின்று கத்திக்கொண்டிருந்தாள். 'இந்தச் சந்தா இப்போது வேறொரு திரையில் பயன்பாட்டில் உள்ளது' என்றது திரை. ஒரு நேரத்தில் ஒரு திரையில் மட்டும் ஓடும் சந்தா அவளுடையது.

"எவனோ உள்ள பூந்துட்டான்! கிளப்ல யார்கிட்டயாவது பாஸ்வேர்டை உளறினியா நெவில்? பீர் உள்ள போனா உன் வாய் நிக்காதே."

"எனக்கே நீ சொன்னதில்லையே!"

பார்வை என் பக்கம் திரும்பியது. ஸ்கோன் தட்டைச் சட்டென்று மேசையில் வைத்தேன்.

நெவில் ரிமோட்டை எடுத்துத் திரையிலேயே கணக்கைத் திறந்து பார்த்தார். இரண்டு கருவிகள். ஒன்று பர்னி. மற்றது ஹோபார்ட்.

தெற்கே ஹோபார்ட் நகரத்தில் இருப்பவள் கிளெனிஸின் தங்கை மெரிலின். அம்மா படுக்கையில் கிடந்தபோது, அவளுக்குப் படம் போட்டுக் காட்டவென்று அக்காவும் தங்கையும் சேர்ந்து எடுத்த சந்தா அது. "அம்மாவைக் கொண்டுபோய் முதியோர் ஹோம்ல தள்ளினவ நீ" என்று அடக்கத்தன்று கல்லறை வாசலில், அத்தனை பேர் முன்னால் சொன்னாள் மெரிலின். மூன்று வருடங்களாகி விட்டன. ஒரு கிறிஸ்துமஸ் அட்டைகூட இல்லை.

பார்த்தவற்றின் பட்டியல் நீண்டது. கிளெனிஸ் முடித்த ஒவ்வொரு படமும் ஒரு வாரம் கழித்து இன்னொரு முறை ஓடியிருந்தது, எல்லாம் அவள் பேருந்தில் இருக்கும் நேரங்களில். அன்றைக்கு மட்டும் நேரம் தப்பியிருந்தது. பத்து நிமிடத்தில் அவள் தள்ளிவிட்டவற்றில் ஒன்றைக்கூட ஹோபார்ட் தொடவில்லை.

"அந்தக் கருவியைத் தூக்கிடறேன். ஒரே அமுக்கு, ஆள் வெளியே" என்றார் நெவில்.

"இப்ப என்ன பாக்கறா?"

"நீ போன வாரம் பாத்தியே, அம்மாவை ஹோம்ல விட்டுட்டு வர்ற மக கதை. இன்னும் நாப்பது நிமிஷம் பாக்கி."

"அந்த மக கார்ல உக்காந்து அழற இடம் இனிமேதான் வரும்" என்றாள் கிளெனிஸ்.

நெவில் கையிலிருந்து ரிமோட்டைப் பிடுங்கித் தொலைக்காட்சியை அணைத்தாள். ரிமோட்டைத் தன் கம்பளிச் சட்டைப் பைக்குள் போட்டு, அதன் பொத்தானையும் மாட்டினாள். பிறகு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, இருண்ட திரைக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு, கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள்.