டாக்டர் மாலையில் வீட்டில் இருப்பார்

அறுபதுகளின் தொடக்கத்தில் தென்காசியில் நான் டாக்டர். ஊரார் பிள்ளைகளையெல்லாம் நேரம் காலம் பார்க்காமல் உலகத்துக்கு இழுத்து வந்துகொண்டிருந்தேன். ஒரு நாள் என் மகள் கோணல்மாணலாகச் சடை போட்டுக்கொண்டு வந்து நின்றாள். தானே பின்னியதாம். யார் சொல்லிக்கொடுத்தது என்று கேட்டேன். கம்பவுண்டர் அண்ணாச்சி என்றாள். எனக்குச் சுரீர் என்றது. இனி ஐந்து மணிக்கு மேல் ஆஸ்பத்திரியைப் பூட்டிவிட்டு அவளோடுதான் இருப்பது என்று அன்றைக்கே முடிவு செய்தேன்.

முடிவை ஊருக்குச் சொல்ல ஒரு போர்டு வேண்டும். 'ஐந்து மணிக்கு மேல் பார்க்க முடியாது' என்று எழுதலாம் என்றேன். வலியோடு வருகிறவர்களிடம் 'முடியாது' என்ற சொல் ஆகாது என்றார் என் கணவர். அவர் தமிழாசிரியர், பலசரக்குச் சீட்டைக்கூடத் திருத்தாமல் விடமாட்டார். அவரே யோசித்துப் பக்குவமாக எழுதிக்கொடுத்தார்: 'மாலை ஐந்து மணிக்கு மேல் டாக்டர் வீட்டில் இருப்பார்.'

முதல் நாள் மாலை வீட்டுக்கு ஏழு பேர் வந்தார்கள். ஒரு வாரத்தில் முன்னறை நிறைந்து வரிசை வாசலைத் தாண்டியது. ஆலங்குளம் பஸ்ஸில் வருகிறவர்கள் ஆஸ்பத்திரியை விட்டுவிட்டு எங்கள் தெருவை விசாரித்தார்கள். வீட்டில் அதட்டுவதற்குக் கம்பவுண்டர் கிடையாது, உட்காரப் பாய் உண்டு, தாகத்துக்கு மோர் உண்டு. அவர்களுக்கென்ன கசக்குமா? ஆய்க்குடியிலிருந்து முருங்கைக்காய்க் கட்டோடு வந்த ஒருத்தியிடம் நான் கொஞ்சம் சிடுசிடுத்தேன்.

"வீட்ல இருப்பியன்னு நீங்கதான எழுதிப் போட்டிருக்கிய?" என்றாள் அவள். "இல்லன்னா நாங்க என்னத்துக்கு இங்கன வாரோம்?"

அவளுக்கு மருந்து எழுதிக்கொடுத்து அனுப்பினேன். கணவருக்குச் சொல்ல நிறைய இருந்தது. எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, வாக்கியத்தில் பிழை ஒன்றும் இல்லையே என்றார் மனுஷர்.

ஞாயிற்றுக்கிழமையாவது தப்பிக்கலாம் என்று மகளைக் கூட்டிக்கொண்டு ஐந்தருவிக்குப் போனேன். சாரல் காலம். என் கையைப் பிடித்துக்கொண்டு தண்ணீருக்கடியில் நின்று கெக்கெக்கே என்று சிரித்தாள். ஒரு நிமிஷம்தான் இருக்கும். பக்கத்தில் குளித்துக்கொண்டிருந்த அம்மாள் என்னை அடையாளம் கண்டுகொண்டு, மருமகளுக்கு நாள் தள்ளிப்போன கதையை அருவிச் சத்தத்துக்கு மேல் சொல்லத் தொடங்கிவிட்டாள். அங்கே குளித்த அத்தனை பெண்களுக்கும் சேர்த்துத்தான் சொன்னாள். மருமகளையும் ஈரத்தோடு இழுத்து வந்து என் முன்னால் நிறுத்தினாள். நான் திரும்பியபோது என் மகள் கரையேறி நின்று தானே தலையைத் துவட்டிக்கொண்டிருந்தாள்.

இரண்டு வாரம் கழித்து ஒரு மாலை. வழக்கம்போல முன்னறையில் கூட்டம். சீட்டு எழுதும்போது நான் நிமிர்ந்து பார்ப்பதில்லை. பேர், வயசு, கூட வந்தவர் என்று வரிசையாகக் கேட்டு எழுதிக்கொண்டே போவேன்.

"பேரு?"

கட்டின தொண்டையோடு ஒரு பிள்ளை பேரைச் சொன்னாள். ஊரில் பாதிப் பெண்களுக்கு அந்தப் பேர்தான். எழுதினேன்.

"வயசு?"

"ஏழு."

"கூட யாரு வந்திருக்கா?"

"யாருமில்ல. அம்மாவுக்கு வேலை இருக்கு."

ஏழு வயசுப் பிள்ளையைத் தொண்டைக்கட்டோடு தனியே அனுப்பியிருக்கிறாளே, இவளெல்லாம் ஒரு தாயா என்று எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. அந்தப் பொம்பளை எந்தத் தெரு என்று கேட்கத்தான் நிமிர்ந்தேன்.

முக்காலியில் என் மகள் உட்கார்ந்திருந்தாள். நெற்றியைத் தொட்டேன், கொதித்தது. கேட்டுக் கேட்டுப் பழகிய கேள்விதான் வாயில் வந்தது.

"எத்தனை நாளா இருக்கு?"

"முந்தாநாள்ல இருந்து," என்றாள்.